புதுக்கடைக் கோயில் வாசலில் விரித்த துண்டு

சனிக்கிழமை விடியுமுன் இராஜாக்கமங்கலத்திலிருந்து புறப்பட்டேன். நாகர்கோவிலுக்கு ஏழு மைல்; கருப்பட்டி ஏற்றிய மாட்டுவண்டியில் ஓரமாக உட்கார இடம் கொடுத்தார்கள். அங்கிருந்து தொடுவெட்டிக்கு பஸ்; டிக்கெட்டுக்குப் பத்துச் சக்கரக் காசு. புதுக்கடையில் இறக்கிவிடக் கேட்டேன். “அந்த ரோட்டுல போனா வண்டி எனக்க தலையிலதான் திரும்பி வரும், அம்மை” என்றார் டிரைவர். பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். மீதி ஐந்து மைல் நடந்தேன்.

போன காரியம் இது. கொழும்புப் பக்கம் தோட்டத்து வேலைக்குப் போன என் மகள், புருஷனைப் பறிகொடுத்துவிட்டுக் காய்ச்சலில் கிடப்பதாக எழுதியிருந்தாள். ஊர் திரும்பப் பன்னிரண்டு ரூபாய் வேண்டும். எங்கள் ஊர் வேதக்கோயில் சபையார் எனக்கு ஏற்கெனவே இரண்டு தடவை கொடுத்துவிட்டார்கள். புதுக்கடைச் சபையில் வியாபாரிகள் அதிகம் என்று சொல்லி, உபதேசியார் கடிதம் எழுதித் தந்தார். வெளியூர் ஆள் உதவி கேட்டு வந்தால், ஆராதனையில் கடிதத்தை வாசிப்பார்கள். பிறகு அந்த ஆள் வாசலில் துண்டு விரித்து நிற்கலாம். அதுதான் எங்கள் பக்கத்து முறை.

இரவு அங்கேயே என் அண்ணன் பெண்சாதி, மயினி வீட்டில் தங்கினேன். ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கோயிலுக்குப் போனால், சபை மூப்பரைச் சுற்றி ஒரே ஆண்கள் கூட்டம். அதற்குள் நுழைந்து கடிதத்தை நீட்டக் கால் வரவில்லை. மடியிலேயே இருந்துவிட்டது. நின்றால் தெரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் துண்டை விரித்துப் பிடித்தேன். காசு விழுந்தது, ரூபாயும் விழுந்தது. பாரத்தில் என் கை தாழ்ந்தது. மகள் வந்து இறங்கியதைப் போலவே இருந்தது எனக்கு.

மூப்பர் வந்து துண்டின் நாலு முனையையும் சேர்த்துப் பிடித்தார்.

“கோயில் கூரைக் காணிக்கைக்கு ஆள் நிறுத்த மறந்தே போச்சு. நல்ல வேளை, நீங்க நின்னீங்க.”

பீடத்தில் வைத்து ஜெபம் பண்ணினார்கள். நானும் கண்ணை மூடினேன். வெறும் துண்டை மடித்துத் திருப்பித் தந்தார்கள்.

மயினி தலையில் அடித்துக்கொண்டாள். “வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீரு? வாரும், நான் கேக்கேன்.” நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஜெபித்து வைத்ததை எப்படிக் கேட்பது?

திங்கட்கிழமை திரும்பினேன். எங்கள் கோயிலிலும் ஞாயிறுதோறும் வாசலில் யாராவது துண்டு விரித்து நிற்கிறார்கள். நானும் காசு போடுகிறேன். யாருக்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. மகளுக்கு இன்னும் பதில் எழுதவில்லை.