முருங்கை மரத்தில் உடும்பும் தேன்சிட்டும்

சென்னையிலிருந்து ரயிலில் வந்து காலை ஏழு மணிக்குப் பொன்னேரியில் பஸ் ஏறினேன். பழவேற்காட்டில் இறங்கி, பாலம் தாண்டி லைட்ஹவுஸ் குப்பத்துக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். அம்பத்தூர் தையல் கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த கஸ்தூரி இங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். வாசல் முருங்கையில் தேன்சிட்டு குஞ்சு பொரித்திருப்பதாகச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தாள்.

தாழ்ந்த கிளை நுனியில் சிறு பை போலத் தொங்கியது கூடு. தாய்க்குருவி என் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். இரை கொண்டுவருவதும் போவதுமாக இருந்தது.

டீ குடித்துக்கொண்டிருந்தபோது அதன் குரல் மாறியது. விடாமல் கத்தியது. எட்டிப் பார்த்தால், வாலோடு சேர்த்து என் இடுப்புயரம் வரும் ஓர் உடும்பு மரத்தில் ஏறிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. நாக்கு மட்டும் வந்து வந்து போனது. குருவி அதன் முகத்தருகே பாய்ந்து பாய்ந்து விலகியது.

கஸ்தூரியின் கணவர் தனசேகர் துடுப்போடு ஓடிவந்தார்.

"யோவ், அடிக்காத. வலைய கடிக்கிற எலிய இதான் துன்னுது. வெரட்டி வுடு போதும்" என்றாள் கஸ்தூரி.

துடுப்பைப் போட்டுவிட்டு அவர் அதை விரட்ட ஒரு பழைய வலையை வீசினார். உடும்பு மிரண்டு விழுந்து அதிலேயே சிக்கிக்கொண்டது. புரளப் புரள நைலான் கழுத்தை இறுக்கியது. குருவியையும் காணோம்.

கஸ்தூரி ஈரச் சாக்கால் அதன் தலையை மூடி அமுக்கினாள். "அக்கா, வால புடிச்சிக்கோங்க. வுட்டீங்கன்னா வெளாசிடும்."

பிடித்தேன். சாக்குக்கு அடியில் அது நடுங்கிக்கொண்டிருந்தது. தனசேகர் கத்தியால் ஒவ்வொரு இழையாக அறுத்தார். கடைசி இழை அறுந்தும் அது அசையவில்லை.

"செத்துடுச்சா?" என்றேன்.

கஸ்தூரி சாக்கை விலக்கினாள், நானும் வாலை விட்டேன். உடும்பு மெல்லத் தலை தூக்கியது. புதருக்குள் நடந்து போனது.

"நாம நிக்கிற வரைக்கும் குருவி வராது" என்று கஸ்தூரி என்னை உள்ளே இழுத்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தபடி காத்திருந்தோம். குருவி பூச்சியோடு வந்தது, துணி காயப்போடும் கம்பியில் உட்கார்ந்தது, அப்படியே பறந்துபோனது. அடுத்த முறையும் அப்படித்தான். மூன்றாவது முறைதான் கூட்டுக்குள் தலையை விட்டது. அதுவரை கஸ்தூரி என் கையை விடவில்லை.

மாலையில் நான் கிளம்பும்போது தனசேகர் மரத்தைச் சுற்றித் தகரம் கட்டிக்கொண்டிருந்தார்.

"உடும்பு நாளைக்கும் வரும்க்கா. அதுக்கும் பசிக்கும்ல" என்றார்.

யாருக்காகக் கவலைப்படுவது என்று பஸ்ஸில் எனக்குப் புரியவில்லை. சென்னையில் என் வீடு மூன்றாவது மாடி. ஜன்னல்களுக்கெல்லாம் வலை அடித்திருக்கிறேன். உடும்பும் வராது, தேன்சிட்டும் வராது.