அணைக்காத இன்ஜின்

தொண்ணூறுகளின் கடைசியில், பெங்களூர் அல்சூர் ஏரியைச் சுத்தம் செய்ய, ஆபீஸ் சார்பில் ஆகாயத்தாமரை அள்ளப் போன சிறு மோட்டார் படகை நான்தான் ஓட்டினேன். கூடவே ஆபீஸ் தோழி ஸ்டெல்லா. காற்று எழுந்து, அலை பக்கவாட்டில் மோதியது. மூன்று முறை முயன்றும் கரை சேர முடியவில்லை. எரிச்சல் தலைக்கேறியது.

கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர் இடுப்பளவு நீரில் இறங்கி வந்தார். "சார், இன்ஜினை ஆஃப் பண்ணுங்க, நான் இழுக்கறேன்."

"எனக்குத் தெரியும், நகருய்யா!" என்று வேகத்தைக் கூட்டினேன். படகின் பின்புறம் சட்டென்று அவர் பக்கம் திரும்பியது. ஸ்டெல்லா பாய்ந்து இன்ஜினை அணைத்தாள். நீருக்குள் சுழன்றுகொண்டிருந்த இன்ஜின் விசிறி அவர் தொடைக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

படகைக் கரைக்கு இழுத்தவர், "கோபத்தை அப்புறம் காட்டுங்க சார், கால் போனா வராது" என்றார்.

மன்னிப்புக் கேட்காமல், காற்றைத்தான் குறை சொன்னேன். இன்று நினைத்தாலும் என் மேல்தான் ஆத்திரம் வருகிறது.