தம்பியின் பெயரில் ஒரு பதிவு

நான் செய்த குற்றம் பெரியதல்ல. எண்பதுகளின் நடுவில் சுவிசுக்கு வந்த எங்களில் பலர் செய்ததுதான். வேறொருவரின் கடவுச்சீட்டில் என் படத்தை ஒட்டிக்கொண்டு இத்தாலியிலிருந்து ரயிலேறி, கியாசோ எல்லையில் பிடிபட்டேன். "பிடிபட்டா உண்மைப் பேரைச் சொல்லிப்போடாதை, அடுத்தமுறை வரேக்கை கரைச்சல்" என்று என்னை அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

பொய் சொல்வதற்கும் ஒரு கெட்டித்தனம் வேண்டும். எனக்கு அது இல்லை. அதிகாரி பேனாவைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தபோது, பிறந்த திகதியோடு தடங்கலில்லாமல் வாயில் வந்தது தம்பியின் பெயர்தான். அவனுடைய பள்ளிக்கூடப் படிவங்களை எல்லாம் நிரப்பிக் கொடுத்தவன் நான். தகப்பன் பெயரும் ஊரும் ஒன்று. மாற்றவேண்டியது ஒரே ஒரு பெயர். அவன் அப்போது யாழ்ப்பாணத்தில் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தான். அவன் எங்கே இங்கே வரப்போகிறான் என்று நினைத்தேன்.

பத்து நாள் சிறை. இரண்டு வருடம் பிழை விடாமல் இருந்தால் உள்ளே போகத் தேவையில்லை, பதிவையும் அழித்துவிடுவார்கள் என்று மொழிபெயர்த்தவர் சொன்னார். தம்பியின் பெயரில் கையெழுத்துப் போட்டேன். இத்தாலிக்கே திருப்பி அனுப்பினார்கள். அடுத்த மாதம் வேறு வழியால் வந்து, சொந்தப் பெயரில் அகதி விண்ணப்பம் கொடுத்தேன். இதற்கு முன் இந்த நாட்டுக்கு வந்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.

ஒன்றரை வருடத்தில் தம்பியும் வந்து சேர்ந்தான். ஆமி அவனைப் பிடித்து, மூன்று கிழமை அடித்து வைத்திருந்துவிட்டு விட்டிருந்தது. நான் ஜெர்மன் பேசும் பக்கத்தில், ஓர்லிகோனில் ஒரு உணவகக் குசினியில் நின்றேன். அவனைப் பிரெஞ்சு பேசும் பக்கத்துக்கு, மணிக்கூடு செய்கிற ஊரான லா ஷோ-து-ஃபோனுக்கு அனுப்பினார்கள். கியாசோ கதையை நான் அவனுக்குச் சொல்லவில்லை. வெட்கம்தான்.

அங்கே தங்க மணிக்கூட்டு உறைகளை மினுக்கும் வேலை ஒன்று அவனுக்குச் சரிவந்தது. தங்கத்தோடு புழங்குவதால், குற்றப் பதிவு இல்லை என்று தலைநகர் பேர்னிலிருந்து ஒரு தாள் எடுத்துவரச் சொன்னார்கள். பேர்னுக்கு எழுதினான். வந்த தாளைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் எடுத்தான்.

"அண்ணை, நான் எப்ப கியாசோவிலை பிடிபட்டனான்?"

சொன்னேன்.

"அது நீங்கள் எண்டு எழுதிக் குடுங்கோவன்."

"குடுத்தா என்ரை அகதிக் கேஸ் போச்சு. முந்தி வரேல்லை எண்டெல்லே சொல்லி வைச்சிருக்கிறன். இன்னும் நாலு மாதந்தான், தானா அழிஞ்சுபோகும். பொறு."

பொறுத்தான். அந்த வேலை வேறொருவருக்குப் போனது. அவன் ஒரு ஹோட்டலில் சட்டி கழுவினான்.

நாலு மாதம் கழிய மறுபடியும் பேர்னுக்கு எழுதினான். இம்முறை அவன் பெயருக்குக் கீழே, பதிவு எதுவும் இல்லை என்று பிரெஞ்சில் ஒரே ஒரு வரி. ஆட்டிறைச்சி வாங்கிக்கொண்டு ரயிலேறிப் போனேன். "பாத்தியோ, நான் சொன்னனான்" என்றேன். பெரிய உபகாரம் செய்தவன்போலச் சொன்னேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அந்த மாரியில் அவனுக்கு அகதி விசாரணை வந்தது. பதிவேட்டில் அழித்திருந்தார்கள், ஆனால் எல்லையில் எழுதிய பழைய தாள் விசாரணைக் கோப்புக்குள் கிடந்தது. கியாசோவில் பிடிபட்டது நீங்கள்தானே என்று கேட்டார்கள். அண்ணன் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவன் ஓம் என்றான். அப்படியானால் இப்போதுதான் முதல்முறை வருகிறேன் என்று அவன் சொன்னது பொய், ஆமி பிடித்து அடித்ததும் பொய் என்று முடிவெடுத்து மறுத்துவிட்டார்கள்.

"ஏன்ரா அப்பிடிச் சொன்னனி?"

"வேறை என்னத்தைச் சொல்ல? ரெண்டு பேரும் போகவேணுமோ?"

மேல்முறையீட்டுக்கு ஒரு மாதம் இருந்தது. அது நான்தான் என்று கடிதம் எழுதினேன். உறையில் போட்டு முத்திரையும் ஒட்டி, ஜாக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தேன். ஒவ்வொரு நாளும் தபால்பெட்டியைத் தாண்டித்தான் போனேன். தவணை முடிந்தது. பயம், வேறு காரணம் சொல்ல எனக்கு வாயில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழியை அவன் கொழும்பு விமானத்தில் கொண்டுபோனான்.

சில மாதம் கடிதம் வந்தது. ஒன்றிலும் அவன் கியாசோவைப் பற்றி எழுதவில்லை. அவனை மறுபடியும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று பிறகு அம்மா எழுதினார். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர்கள் இல்லை.

எண்பதுகள் முடிகிற நேரம் வதிவிட அனுமதிக்காக என்னிடமும் அந்தக் குற்றப் பதிவுத் தாளைக் கேட்டார்கள். ஒரு கிழமையில் வந்தது. என் பெயர், தகப்பன் பெயர், ஊர். கீழே, பதிவு எதுவும் இல்லை என்று ஜெர்மனில் ஒரு வரி. அலுவலகத்தில் அதை வாங்கிப் பார்த்த பெண் சிரித்துக்கொண்டு, எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றாள். நான் நன்றி சொன்னேன்.