சின்னையா போட்ட எர்த்தில் குறையில்லை

செய்தி வந்தபோது நான் கேட் ஓரமாக உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் பெண் தெருவிலேயே நின்று, "பாட்டி, வயர்மேன் அங்கிள் போயிட்டாராம். சபாக் டவுன்ல ஒரு டீக்கடையில உட்கார்ந்தவரு எழுந்திருக்கவே இல்லையாம்" என்றாள்.

"எந்த வயர்மேன்?"

"நம்ம சின்னையா அங்கிள்தான்."

"வாயைக் கழுவு. நேத்துதானே உன் வீட்டுப் போர்ச்சில குந்திக்கிட்டுக் கார் சார்ஜருக்குக் கோடு போட்டாரு?" என்று அவளை ஏசிவிட்டேன். அவள் அழுத பிறகுதான் எனக்கு உறைத்தது. அவளைத் தாண்டி எட்டிப் பார்த்தேன். சிமெண்டுத் தரையில் அவர் போட்ட வெள்ளைக் கோடு அப்படியே இருந்தது. கோடு அழிவதற்குள் ஒரு மனிதன் இல்லாமல் போவானா? நான் பாதி மீனோடு எழுந்தேன். மீதியை என்ன செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. எனக்கு எதுவும் மறக்காது என்று ஊரே சொல்லும். அது மட்டும் நினைவில்லை.

பதினாறாம் நாளுக்கு அச்சடிக்கும் இந்தச் சிறு நினைவு மலருக்கு, "ரெண்டு வரி குடுங்க அக்கா" என்று அவர் மனைவி கமலம் கேட்டார். இது இரண்டு வரியில் அடங்குகிற காரியமில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் தாமான் குடியிருப்பில் மின்சாரக் கார்கள் வர ஆரம்பித்ததிலிருந்து, வீட்டில் சார்ஜர் பெட்டி மாட்டுவதற்குச் சின்னையாவைத்தான் கூப்பிடுவோம். என் மகன் குமரன் அப்படியொரு கார் வாங்கப் போவதாகச் சொன்னதும் அவர், "வாங்குறதுக்கு முன்னாடி என்னையும் கூட்டிக்கிட்டுப் போ தம்பி. வாங்கிட்டு வந்து கூப்பிட்டா நான் உன் செவத்தத்தான் இடிக்கணும்" என்றார். புஞ்சாக் ஆலாமில் ஒரு கார்க் கடைக்கு எல்லோருமாகப் போனோம். நாங்கள் திரையைத் தொட்டுப் பார்த்தோம், இருக்கையில் சாய்ந்து பார்த்தோம். அவரோ சார்ஜ் போடும் வாய் எங்கே என்று தேடி, ஒவ்வொரு காருக்கும் பக்கத்தில் குந்தினார். ஒன்றுக்கு மூக்கிலேயே இருந்தது. "லேசா எதுலயாவது முட்டினாலும் முதல்ல போறது இதுதான்" என்று தள்ளிவிட்டார். இன்னொன்றுக்கு இடப்பக்கம் முன்சக்கரத்துக்கு மேலே இருந்தது. அங்கே என் மருமகளை நிறுத்தி, ஒரு கையில் குடையையும் மறு கையில் கைப்பையையும் கொடுத்து, இடுப்பில் பிள்ளையையும் ஏற்றிவிட்டு, "இப்ப மூடியைத் திற" என்றார்.

விற்கிற பையன் சிரித்தான். "அங்கிள், இது கார் லா, சர்க்கஸ் இல்ல."

"மழையில பிள்ளையோட வர்ற பொம்பளைக்குத் தினமும் சர்க்கஸ்தான் தம்பி. இந்த மூடி ஏன் இந்தப் பக்கம் இருக்கு, சொல்லு பார்ப்போம்?"

பையனுக்குத் தெரியவில்லை. சின்னையா சொன்னார்: "இந்த வண்டியப் படம் வரைஞ்ச ஊர்ல ஓட்டுறவன் இடப்பக்கம் உட்கார்றான். இறங்கினா கைக்கு எட்டுற தூரத்துல மூடி. நமக்கு அனுப்பும்போது ஸ்டேரிங்க மாத்தினான், மூடிய மாத்த மறந்துட்டான். இனிமே தினமும் வண்டியச் சுத்தி நடக்கணும்."

என் மகனுக்கு அந்தக் காரின் நிறம் பிடித்திருந்தது. அதையே வாங்கினான்.

பெட்டி மாட்ட வந்த அன்று, எப்படி நிறுத்துவாய் என்று சின்னையா கேட்டதற்கு, "ரிவர்ஸ்லதான் அங்கிள்" என்று குமரன் உறுதியாகச் சொன்னான். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் குமரன் வேலை முடிந்து வரும் நேரத்தில் எதிர்வீட்டு மரத்தடியில் வந்து நின்றுகொண்டார். இவன் வந்தான், மூக்கை நேராக உள்ளே விட்டான், இறங்கிப் போனான். சின்னையா கைகொட்டிச் சிரித்தார். "சொல்ற மாதிரி யாரும் நிறுத்துறதில்ல. களைச்சுப்போய் வர்றவன் எப்படி விடுறானோ, அதுதான் அளவு" என்றார்.

குமரன் பெட்டியை வலப்பக்கம் மீட்டருக்கு அருகில் மாட்டச் சொன்னான். அப்படி மாட்டினால் கேபிள் வீட்டு வாசலைக் கடந்து காருக்குப் போகும். "வேணாம். பாட்டி தடுக்கி விழுந்துடும் லா" என்று சொல்லி, என் கறிவேப்பிலைத் தொட்டி இருந்த இடப்பக்கச் சுவரில் கோடு கிழித்தார். தொட்டி வெயில் படாத மூலைக்குப் போனது, பட்டும் போனது. அதையாவது விடலாம். அவருக்கும் எனக்கும் பன்னிரண்டு வயதுதான் வித்தியாசம். ஒரே ரப்பர் தோட்டத்தில் மேல் லயத்து வீடும் கீழ் லயத்து வீடும். அவர் மூக்கொழுகிக்கொண்டு திரிந்ததைப் பார்த்தவள் நான். என்னைப் பாட்டி என்று சொல்ல அவருக்கு எப்படி வாய் வந்தது? அடுத்த நாளே அக்கா என்று திருத்திக்கொண்டார். நான்தான் என் கோபத்தைத் திருத்திக்கொள்ளவில்லை.

இனி சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

போன ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவி நிறுத்தியிருந்தார்கள். என் அப்பா தோட்டத்தில் பால்வெட்டும் கத்திக்குப் பொட்டு வைக்கும்போது கைப்பிடியில் வைக்கமாட்டார். வெட்டுகிற அலகில்தான் வைப்பார். வேலை செய்கிற இடத்தில் சந்தனம் பட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பழைய காரில் பானெட்டைத் திறந்து இஞ்சினுக்கு வைப்போம். இந்தக் காரில் இஞ்சின் என்று ஒன்றும் இல்லை. யோசித்தேன். மூடியைத் திறந்தேன். அந்த வாயில், துளைகளைச் சுற்றி, குழைத்த சந்தனத்தைத் தடவி அதன்மேல் குங்குமமும் வைத்தேன். விரல் ஈரமாக இருந்தது. கொஞ்சம் உள்ளே இறங்கியிருக்கும். மூடியைச் சாத்திவிட்டு வெளியே மூடிமேலும் ஒரு பொட்டு வைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் குமரன் சார்ஜ் போட்டான். சிறிது நேரத்தில் கருகிய வாடை, பெட்டியில் சிவப்பு விளக்கு. பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் உள்ளே ஒரு பக்கம் பழுப்பேறியிருந்தது. சின்னையாவை வரவழைத்து நடுத்தெருவில் நிற்கவைத்துக் கத்தினான். வீட்டு வரிசை முழுக்க வெளியே வந்து பார்த்தது.

சின்னையா மெயினை அடைத்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து பஞ்சை எடுத்துத் துளைகளின் ஓரத்தைத் துடைத்தார். பஞ்சு சிவந்து வந்தது. அதைப் பார்த்தார். வாசற்படியில் நின்ற என்னைப் பார்த்தார். பஞ்சைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, "என் வேலைதான் தம்பி. எர்த் கம்பி மண்ணுல சரியா இறங்கல" என்றார்.

நான் வாசற்படியிலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, விட்டுப்போன ஏணியை எடுக்க வந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. "எதுக்குப் பொய் சொன்னீங்க?" என்று கேட்டேன், சண்டைக்குப் போவது போல.

"உங்களத் திட்டினா நீங்க இந்த வீட்டுலதானே அக்கா இருந்தாகணும்? என்னையத் திட்டினா நான் மோட்டர் சைக்கிள ஸ்டார்ட் பண்ணிட்டு என் வீட்டுக்குப் போயிடுவேன்."

வேறொருத்தியாக இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள். எனக்குக் கோபம்தான் வந்தது. மகன் வீட்டில் ஒண்டிக்கொண்டு பயந்து கிடக்கிறவள் என்று என்னை எடைபோட்டுவிட்டாரே என்ற கோபம். அது உண்மை என்பதால் இன்னும் கோபம். அன்றிலிருந்து கோவிலில் அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவர் மட்டும், "சௌக்கியமா அக்கா?" என்று என் முதுகைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போவார்.

பட்டறையில் அந்த வாயைப் புதிதாக மாற்றிக் கொடுத்தார்கள். குமரன் வேறொரு வயர்மேனைக் கொண்டுவந்து சின்னையாவின் வேலையைச் சோதிக்கவைத்தான். அந்த ஆள் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "எர்த் நல்லாத்தானே இருக்கு" என்றான். குமரன் நம்பவில்லை. ஆனாலும் அந்த வயரை யாரும் தொடவில்லை. இன்றைக்கும் எங்கள் கார் அதில்தான் சார்ஜ் ஏறுகிறது.

அதற்குள் பேச்சு பரவிவிட்டது. சின்னையா வயர் போட்டால் வண்டி எரியும் என்று அன்னதான வரிசையில் ஒருத்தி என் காதுபடச் சொன்னாள். நான் சாம்பாரை ஊற்றிக்கொண்டு நகர்ந்தேன். சொல்லிவைத்திருந்த வேலைகளை மூன்று வீட்டார் நிறுத்தினார்கள். எதிர்வீட்டுப் பெண் கூப்பிட்டதுதான் எங்கள் வரிசையில் அதற்குப் பிறகு அவருக்குக் கிடைத்த முதல் வேலை. அதுதான் அந்த வெள்ளைக் கோடு.

சாவு வீட்டில் கமலம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சபாக் வரைக்கும் மோட்டர்ல எதுக்குப் போனாரு தெரியுமா அக்கா? இங்க வேல இல்ல. முப்பது வருசத்துல அவரு வேலையில எர்த்து தப்புனதே கெடையாது. அந்த ஒண்ணு எப்படித் தப்புச்சுன்னு எத்தன தடவ கேட்டிருப்பேன்! வாயே தொறக்கல அந்த மனுஷன்."

மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. ஓராண்டாக, தன் வீட்டுக்குள்ளேயே சொல்லவில்லை. தன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று என்னிடம் சொன்னவர், அங்கேயும் அதைச் சுமந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். கமலத்தின் கை என் கைக்குள் சூடாக இருந்தது. அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் மரம் மாதிரி நின்றேன்.

இதை எழுதத் தொடங்கும் முன் குமரனிடம் போனேன். சார்ஜ் போடக் குனிந்துகொண்டிருந்தான். "குமரா, அந்த வாயில சந்தனமும் குங்குமமும் வச்சது நான்தான். அவரு பார்த்துட்டாரு. பார்த்துட்டுத்தான் அப்படிச் சொன்னாரு" என்றேன். பிளக்கைக் கையில் பிடித்தபடி நின்றான்.

"அம்மா, நான் அந்த மனுஷனக் களவாணின்னு சொன்னேன்மா."

"தெரியும். பக்கத்துலதானே நின்னேன்."

அவன் என்னைத் திட்டவில்லை. ஓராண்டாக எதற்குப் பயந்தேனோ அது நடக்கவே இல்லை. பிளக்கைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். அதைப் பார்த்த பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

இதுவரை எழுதிய தாளைக் கமலத்திடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். "ஒரு எழுத்தையும் வெட்டாமப் போடச் சொல்லுங்க" என்றார். பிறகு உள்ளே போய்விட்டார். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை. சரிதான். அவர் இடத்தில் நான் இருந்தால் சாகும்வரை பேசமாட்டேன்.

சின்னையாவை அறிந்தவர்களே, அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்தப் பழி ஒன்றைத்தான். அது என்னுடையது. அவர் எனக்காகச் சும்மா வைத்திருந்தார். வேலையை நிறுத்திய மூன்று வீட்டார் யார் யார் என்பது எனக்கு மறக்காது; நீங்களும் பதினாறாம் நாளுக்கு வாருங்கள். அவர் கைவேலையில் குறையில்லை என்று கமலத்தின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பிறகு என்னிடம் வந்து கேட்க வேண்டியதைக் கேளுங்கள். எல்லோரும் பார்க்கிற மாதிரி முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன்.