ஐந்து மணிக்குச் சிவப்புக் கோடு

நான் ஓய்வுபெற்ற அலுவலகத்தில் இணைய சர்வரின் லாகுக்கு மாலை ஐந்து மணிக்குச் சிவப்பு மையில் கோடு போடுகிறார்கள். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. யார், எப்போது, எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள், அதற்கு என்ன பதில் போயிற்று என்று சர்வர் ஒவ்வொன்றையும் ஒரு வரியாகத் தானே எழுதிக்கொண்டே இருக்கும். அதுதான் லாக். அது ராத்திரியும் எழுதும், ஞாயிற்றுக்கிழமையும் எழுதும். இவர்களோ அதை ஐந்து மணிக்கு அச்சடித்து, கடைசி வரிக்குக் கீழே அடிக்கோல் வைத்துக் கோடு இழுத்து, கண்காணிப்பாளரின் சுருக்கொப்பம் வாங்கி, நூல் கோத்து அடுக்குகிறார்கள். வருகைப் பதிவேட்டை முடிக்கிற அதே பக்தி.

அந்தக் கோட்டால் ஒருவருடைய வேலை வாய்ப்பே போகப் பார்த்தது எனக்குத் தெரியவந்தது ஒரு திங்கட்கிழமை. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் குடியிருக்கும் பெண். சேரன்மகாதேவியில் ஒரு கல்லூரியில் பல வருடங்களாகத் தற்காலிக விரிவுரையாளர். நிரந்தரப் பணிக்கான தேர்வை நடத்துவது என் பழைய அலுவலகம். கடைசி நாள் மாலை, பேட்டையில் நின்று நின்று வந்த பஸ்ஸில் வீடு திரும்பி, ஏழு இருபதுக்கு விண்ணப்பித்திருக்கிறார். நள்ளிரவு வரை நேரம் உண்டு என்றது அறிவிக்கை. திரையில் ‘பெறப்பட்டது’ என்று வந்தது. ஒப்புகை எண்ணும் வந்தது. வீட்டில் பிரிண்டர் இல்லாததால் காலண்டர் தாளின் பின்பக்கம் எண்ணைக் குறித்துவைத்தார். மற்றவர்களுக்கு ஹால் டிக்கெட் வந்துவிட்டது. இவருக்கு வரவில்லை. என் பழைய அலுவலகத்தில் போய்க் கேட்டதற்கு, விண்ணப்பமே வரவில்லை என்றார்களாம். தேர்வு வருகிற ஞாயிறு. அடுத்த தேர்வுக்குள் வயது வரம்பைத் தாண்டிவிடுவார்.

“நான் பொய் சொல்லுதேன்னு சொல்லுதாவ சார்” என்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கோபம் கொஞ்சம் குறைவாக வந்திருக்கும்.

மறுநாள் போனேன். கண்காணிப்பாளர் எனக்குக் கீழே வேலை பார்த்தவர். மரியாதையாக நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கட்டைப் பிரித்துக் கடைசி நாளின் தாளைக் காட்டினார். சிவப்புக் கோடு. அதற்குக் கீழே வெற்றுத்தாள்.

“ரிஜிஸ்டர அஞ்சு மணிக்கே முடிச்சாச்சுல்லா சார். இதுல இல்லன்னா வரல்லன்னுதான அர்த்தம்?”

“ஆபீஸ் வாசலுக்குப் பூட்டு இருக்கு. வெப்சைட்டுக்கு எங்கன வே பூட்டு இருக்கு?”

சர்வரில் உள்ள லாகையாவது காட்டும் என்றேன். அப்போதுதான் மீதிக் கதை வந்தது. கடைசி நாள் நெரிசலில் சர்வரின் டிஸ்க் நிரம்பியிருக்கிறது. விண்ணப்பத்தைச் சேமிக்க இடமில்லாமலே, பெற்றுக்கொண்டதாகத் திரையில் சொல்லியிருக்கிறது. காலையில் வந்தவர்கள் இடம் பண்ணுவதற்காக முதலில் அழித்தது லாகைத்தான். அதுதான் அச்சடித்தாகிவிட்டதே. ஆக, சாட்சியைத் தாங்களே அழித்துவிட்டு, சாட்சி எங்கே என்று அந்தப் பெண்ணைக் கேட்டிருக்கிறார்கள்.

இதற்காகத்தான் பணியில் இருந்தபோது மூன்று முறை கோப்பு வைத்தேன். ஒவ்வொரு சர்வரும் தன் லாகைத் தன்னிடம் எழுதட்டும். எழுதும்போதே ஒவ்வொரு வரிக்கும் ஒரு நகல் வேறு கட்டடத்தில் உள்ள ஒரு கணினிக்குப் போய்ச் சேரட்டும். சர்வரைத் தொடுகிறவர்கள் அதைத் தொட முடியாமல் இருக்கட்டும். மூன்று முறையும் ‘பேசவும்’ என்ற மேலதிகாரியின் குறிப்போடு கோப்பு திரும்பியது. பேசினேன். பேசியதோடு சரி. கடைசியில், கழிவு செய்து மூலையில் போட்ட ஒரு கணினியை எடுத்துத் தூசி தட்டி, பின்கட்டடத்துப் பதிவறையில் வைத்து, எல்லாச் சர்வர்களின் லாகும் அதற்கு வரும்படி நானே செய்துவிட்டு ஓய்வுபெற்றேன்.

கண்காணிப்பாளரையும் அழைத்துக்கொண்டு பதிவறைக்குப் போனேன். பீரோவுக்குப் பின்னால் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த நாளின் லாகில் தேடியதும் வரி கிடைத்தது. மாலை ஏழு இருபத்தொன்று. காலண்டர் தாளில் இருந்த அதே எண். சர்வர் கொடுத்த பதில், வெற்றி.

கண்காணிப்பாளருக்கும் சந்தோஷம்தான். ஒரு நிமிடம் இருந்திருக்கும்.

“இந்த மெஷின் ஸ்டாக்ல இருக்கா சார்?”

இல்லை. கழிவுப் பட்டியலில் கையெழுத்துப் போட்டவனே நான். அலுவலகத்தைப் பொறுத்தவரை அந்தக் கணினி உலகத்திலேயே இல்லை; இல்லாத கணினி எழுதிய வரியைக் கோப்பில் சேர்க்க முடியாது. இதே காரணத்தைச் சொல்லி எத்தனை கோப்புகளை நானே திருப்பியிருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தபோது, எரிச்சல் யார்மேல் என்றே தெரியவில்லை.

கேன்டீனில் உட்கார்ந்து ஒரு புகார் எழுதினேன், என்மேல். கழிவு செய்யப்பட்ட கணினியை அனுமதியின்றிப் பதிவறையில் இயக்கி, இன்றுவரை லாகைப் பெறச் செய்திருக்கிறேன். நடவடிக்கை எடுக்கக் கோருகிறேன். கண்காணிப்பாளர் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“பென்ஷன்ல கை வச்சிருவாவ சார்.”

“வைக்கட்டும். மொதல்ல கோப்புக்கு நம்பர் போடும் வே.”

தவறு செய்தவனைத் தண்டிப்பதில் மட்டும் அந்த அலுவலகத்துக்குத் தாமதம் கிடையாது. வியாழக்கிழமையே குறிப்பாணை கையில் கிடைத்தது: ‘பதிவறையில் தொடர்ந்து இயங்கி, இணைய சர்வர்களின் லாகைப் பெற்றுவரும் கணினி குறித்துத் தங்கள் விளக்கம் கோரப்படுகிறது.’ கணினி இருக்கிறது, இயங்குகிறது, லாகைப் பெறுகிறது என்று அலுவலகமே கையொப்பமிட்டுச் சொல்லிவிட்டது. அதன் நகலையும் அந்த ஒரு வரியையும் இணைத்து அந்தப் பெண் மனுக் கொடுத்தார். சனிக்கிழமை மதியம் ஹால் டிக்கெட் வந்தது. வருத்தம் என்று ஒரு சொல் கூட இல்லை. பொய் சொல்கிறாய் என்றவர்கள் அதைத் திரும்பப் பெறவும் இல்லை. ஞாயிறன்று அவர் தேர்வு எழுதினார்.

என் விளக்கத்தைக் கொடுக்க அடுத்த வாரம் போனேன். பதிவறையில் பச்சை விளக்கு இல்லை. கணினியின் இணைப்பைப் பிடுங்கி, காடாத் துணியில் சுற்றி, நாலு பக்கமும் அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். என்மேல் உள்ள விசாரணைக்கு அது சான்றுப் பொருளாம். அப்படியானால் லாகின் நகல் இப்போது எங்கே போகிறது என்று கேட்டேன். அதற்குத் தனியாகக் கோப்பு வைக்க வேண்டும் என்றார் கண்காணிப்பாளர். மேசையில் அன்றைய அச்சுத்தாள் வந்திருந்தது. மணி ஐந்தாகச் சற்று நேரம் இருந்தது. அவர் அடிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவரிடமே ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, நான்காவது தடவையாக எழுத ஆரம்பித்தேன்.