கர்னலிடம் சொன்ன ‘வர்றேன்’

1. கர்னலின் போட்

தென்பெண்ணை கரை உடைந்த அன்று திண்டிவனத்திலிருந்து எங்கள் தீயணைப்பு வண்டியைத் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் அனுப்பினார்கள். நான் லீடிங் ஃபயர்மேன். நெருப்புக்குள் பலமுறை போனவன்தான். ஆனால் வெள்ளம் என்றால் எனக்குப் பயம். நெருப்பு இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரியும். தண்ணீருக்கு அடியில் இருப்பது முள்வேலியா, கிணறா, யாருக்குத் தெரியும்?

எங்கள் போட் முன்பே வேறு ஊருக்குப் போய்விட்டது. கூட்டேரிப்பட்டில் தன் ரப்பர் போட்டோடு எங்களுக்காகக் காத்திருந்தார் ஹென்க். நெதர்லாந்து மரைன் படையில் கர்னலாக இருந்து ஓய்வுபெற்றவர். கிளியனூர் நர்ஸ் ஒருவரைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடியிருந்தார். தமிழும் மனைவியிடம் கற்றதுதான். அச்சு அசலாக எங்கள் ஊர்ப் பேச்சு. விதிப்படி அவரைக் கூட்டிப்போகக் கூடாது. ஆனால் போட் அவருடையதாயிற்றே!

2. பயந்துக்கினே

வண்டியில் தன் சர்வீஸ் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். இளம் வயதில் நார்வே பனியில் பயிற்சி, பிறகு கம்போடியாவில் கண்ணிவெடிக் காடு, கடைசியில் கடற்கொள்ளையரிடமிருந்து சரக்குக் கப்பல்களுக்குக் காவல். பயமே வந்ததில்லையா என்று கேட்டேன்.

“ஏன் வராது? எல்லாத்தையும் பயந்துக்கினேதான் பண்ணேன்” என்றார்.

எனக்கு இது ஆறுதலாக இல்லை. கர்னலுக்கே பயம் என்றால் நான் எம்மாத்திரம்?

3. கும்பிட்ட கை

கரும்புத் தோட்டத்துக்கு நடுவே ஓர் ஓட்டு வீடு. தண்ணீர் இழுத்த இழுப்பில் போட் வாசல்வரை போகவில்லை. அதைத் தென்னைமரத்தில் கட்டினோம். எங்கள் டிரைவர் மணி மோட்டாரைப் பிடித்துக்கொண்டான். நான் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, ஹென்க் மார்பளவு தண்ணீரில் நடந்துபோய் ஒரு பெண்ணையும் அவள் கைக்குழந்தையையும் கொண்டுவந்தார். வீட்டில் அவளுடைய மாமனார் இன்னும் இருந்தார்.

அவர் எங்கே என்று ஹென்கிடம் கேட்டேன்.

“வர்றேன்னு சொன்னாரு. வந்துக்கினு இருக்காரு.”

காத்திருந்தோம். தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. யாரும் வரவில்லை. குழந்தை அழுதது. எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. அவர் எப்படிச் சொன்னார் என்று மறுபடி கேட்டேன். ஹென்க் இரண்டு கையையும் கூப்பிக் காட்டினார்.

“‘நீங்க போங்க, நான் வர்றேன்’னாரு.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நம் பக்கத்தில் யார் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்?

“சார், அவரு நம்மகூட வர்றேன்னு சொல்லல. நம்மகிட்ட விடை வாங்கிக்கினாரு.”

ஹென்க் சட்டென்று வீட்டைத் திரும்பிப் பார்த்தார். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பின்னால மாடு கட்டிக் கெடக்குதுங்க. அத விட்டுட்டு வர மாட்டாருங்க” என்றாள்.

இந்த முறை நானும் இறங்கினேன். இடுப்பில் கயிறு, வாயில் மாதா பெயர். காலில் ஏதோ உரசியபோதெல்லாம் கத்தத் தோன்றியது. கொட்டகையில் பெரியவர் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். தண்ணீர் அவர் தாடையைத் தொட்டது. முளையில் போட்ட முடிச்சு நனைந்து இறுகிவிட்டது, அவிழ்க்க முடியவில்லை என்றார். ஹென்க் கத்தியோடு முங்கினார். அவர் தலை மேலே வரும்வரை நான் மூச்சு விடவில்லை. கயிறு அறுந்ததும் மாடு மேட்டைப் பார்த்து நீந்தியது. அதற்குப் பிறகுதான் பெரியவர் என் தோளைப் பிடித்தார்.

போட்டில் ஏறியதும் ஹென்க் கத்தியைத் துடைத்து உள்ளே வைத்தார். இன்னும் கொஞ்சம் காத்திருந்துவிட்டுக் கிளம்பச் சொல்லியிருப்பேன், அத்தனை வருட சர்வீஸில் இப்படி ஒரு வார்த்தையில் மாட்டியதில்லை என்றார். நான் மட்டும் என்ன, பெரியவர் எப்படிச் சொன்னார் என்று முதலிலேயே கேட்டேனா?

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்குச் சொல்வது இதுதான். வெள்ளத்துக்கு நடுவே ஒருவர் ‘வர்றேன்’ என்றால், அவர் கை உங்கள் கைக்குள் வரும்வரை அவர் விடைபெறுகிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.