குளிராத கால்

மீனுக்காகச் செய்த பெட்டிக்குள் மனிதன் படுக்கக் கூடாது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. என்னைப் பற்றி வேறு எதையும் அறியுமுன் நீங்கள் இதை அறிந்துகொள்வது நல்லது.

முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வவுனியாவுக்கு வந்தபின், கடலில்லாத ஊரில் மீன்பெட்டி தூக்கினேன். மன்னாரிலிருந்து மீன் வரும்; நாங்கள் ஐஸ் மாற்றி அனுப்புவோம். தூக்கித் தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்டது. கூட வேலை செய்த அந்தோனிதான் வைத்தியம் சொன்னான்.

"ஐஸிலை கிடக்கிற மீனைப் பாரடா. எப்பிடி நிமிர்ந்து கிடக்கு! உன்ரை இடுப்பும் நிமிரும்."

அந்த மீன் செத்துப்போனது என்ற சிறு விஷயத்தை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

தகரம் அடித்த பெரிய மரப்பெட்டிக்குள் இடுப்பில் கட்டிய சாரத்தோடு படுத்தேன். அந்தோனி உடைத்த ஐஸை அள்ளிக் கழுத்துவரை மூடினான். எனக்குத் தெரிந்த புனிதர்கள் எல்லாரையும் கூப்பிட்டேன். உடம்பு முழுவதும் கத்தியது. பிறகு ஒவ்வோர் இடமாக விறைத்து அடங்கியது. இடது பாதம் மட்டும் தொடக்கத்திலிருந்தே சத்தம் போடவில்லை.

"பாரடா, இது வீரன்ரை கால்," என்றேன்.

எழும்பியபோது ஐஸ் சிவந்திருந்தது. "மீன் ரத்தமெண்டெல்லோ நினைச்சன்," என்றான் அந்தோனி. "உன்ரை காலடா!"

தகர விளிம்பு பாதத்தைக் கிழித்திருந்தது. எனக்கு வலிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தையல் போடுமுன் டொக்டர் விறைப்பூசியை (வலி தெரியாமலிருக்கப் போடுவது) எடுத்தார். "வேண்டாம் ஐயா, சும்மா தையுங்கோ," என்றேன் பெருமையாக. அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, காயத்தைச் சுற்றி வெளிறியிருந்த தோலைப் பார்த்தார். அதை நான் தேமல் என்று நினைத்திருந்தேன்.

"கண்ணை மூடுங்கோ. பஞ்சு படேக்கை சொல்லுங்கோ."

மூடினேன். அவர் தொடங்கட்டும் என்று காத்திருந்தேன். அவர் தொட்டு முடித்திருந்தார்.

தொழுநோய் (தோலையும் நரம்பையும் தாக்கும் கிருமிநோய்) என்றார். சூடும் குளிரும்தான் முதலில் தெரியாமல் போகுமாம். குளிசை (மாத்திரை) போட்டால் கிருமி சாகும், மற்றவர்களுக்குத் தொற்றாது என்றார்.

"உணர்ச்சி திரும்புமோ ஐயா?"

"சிலருக்குத் திரும்பும். சிலருக்கு இல்லை."

மாதம் ஒருமுறை கிளினிக்கில் விழுங்கும் குளிசையால் சிறுநீர் சிவப்பாகப் போகும். சொல்லித்தான் விட்டார்கள், நான் காதில் வாங்கவில்லை. சாகப்போகிறேன் என்று மனைவி றீற்றாவிடம் விடைபெற்றேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். தொற்றிவிடும் என்று தனிக் கோப்பையும் வைக்காதீர்கள். நான் வைத்த கோப்பையில் றீற்றா கோழிக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

கிருமி போய்விட்டது என்று கிளினிக்கில் சொன்னார்கள். சந்தோஷம் வரும் என்று பார்த்திருந்தேன். அதுவும் விறைத்துப் போயிருந்தது.

மற்றவர்களின் கால் நொந்தால் தானே சொல்லும். என்னுடையதிடம் நான்தான் மாலையில் குனிந்து கேட்கவேண்டும். காலையில் ஏறிய முள்ளை விளக்கு வைக்கும்போதுதான் சந்திக்கிறேன். என் பாதம் ஒரு பகல் பிந்தி வாழ்கிறது.

ஒருநாள் வேலையிடத்திலிருந்து ஒரு துண்டு ஐஸைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தேன். றீற்றாவின் மடியில் காலை நீட்டி, டொக்டர் சொன்னது போலவே கண்ணை மூடினேன்.

"காலிலை வையும், பாப்பம்."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பெருவிரலடியில் மெல்லிதாக, நிச்சயமாக, வந்தது.

"றீற்றா, குளிருது! மெய்யாக் குளிருதப்பா!"

"நான் இன்னும் வைக்கேல்லை."